கைமாற்றில் நடக்கும் கவிதை விழா

சில ஆண்டுகளுக்கு முன்பு, எங்கள் பகுதியில் ஆண்டுதோறும் கவியரங்கம் நடத்தும் சிறிய அமைப்பு ஒன்றின் வரவு செலவு நோட்டைப் பார்த்துத் தரும்படி அதன் செயலாளர் என்னிடம் கேட்டார். பொருளியல் கற்பித்தவன் என்றால் கணக்கும் எழுதுவான் என்பது ஊரில் பரவலான நம்பிக்கை. இடப்பக்கத்தில் உறுப்பினர் சந்தாவும் இரண்டு மூன்று நன்கொடைகளும் இருந்தன. வலப்பக்கத்தில் மண்டப வாடகை, மைக் செட், அழைப்பிதழ் அச்சு, தேநீர், சால்வை, வெளியூர்க் கவிஞருக்குப் பேருந்துக் கட்டணம். எந்த ஆண்டிலும் இரு பக்கமும் ஒத்துவரவில்லை. ஆனால், ஒவ்வோர் ஆண்டின் கடைசி வரியிலும் பற்றாக்குறைக்கு நேரே ‘கைமாற்று’ என்று எழுதிக் கணக்கு நேர் செய்யப்பட்டிருந்தது. யாரிடம் வாங்கிய கைமாற்று, எப்போது திருப்பித் தந்தீர்கள் என்று கேட்டேன். செயலாளர் சிரித்தார். கொடுத்தவரும் அவரே, வாங்கியவரும் அவரே. திருப்பித் தரும் பேச்சே எழவில்லை.

கவிதை விழா என்றதும் நம் கண்ணில் படுவது மேடையும் கவிஞரும்தான். நாற்காலி போட்டவர், மண்டபத்தின் சாவியை வாங்கி வைத்தவர், வருவதாகச் சொன்ன தலைவர் கடைசி நேரத்தில் வரவில்லை என்றதும் மாற்று ஆள் தேடி ஓடியவர் ஆகியோரின் பெயர்கள் நன்றியுரையில் ஒரு முறை வேகமாகச் சொல்லப்படும். அந்த நேரத்தில் பாதிக் கூட்டம் எழுந்து போயிருக்கும். சேலம், நாமக்கல் சமவெளியில் கவிதை எப்படி உயிரோடு இருந்துவருகிறது என்பதை விளக்க வேண்டுமானால், இந்த மனிதர்களிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

வெளியூர்க்காரர்கள் எங்கள் பகுதியை வேறு பொருட்களைக் கொண்டே அறிவார்கள். நாமக்கல் என்றால் முட்டையும் லாரியும். திருச்செங்கோடு என்றால் நாடெங்கும் ஆழ்துளைக் கிணறு தோண்டப் போகும் ரிக் வண்டிகள். குமாரபாளையம், பள்ளிபாளையம் என்றால் விசைத்தறி. சேலத்துக்கு இரும்பும் மாம்பழமும் ஜவ்வரிசியும். அண்மைக் காலத்தில் இந்தப் பட்டியலில் உறைவிடப் பள்ளிகளும் சேர்ந்துகொண்டன. அங்கே கவிதை என்பது மனப்பாடப் பகுதி. மதிப்பெண் கிடைத்ததும் மறந்துவிட உரிமை உண்டு. உழைப்பையும் லாபத்தையும் நுணுக்கமாகக் கணக்கிடத் தெரிந்த இந்த மண்ணில், கணக்குக்கு வராத ஒரு வேலையைச் சிலர் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்திருக்கிறார்கள்.

ஓரியும் அரசும்

புரவலர் என்ற சொல்லுக்கு எங்கள் பகுதியில் ஒரு மலையே சாட்சி. கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியை வன்பரணரும் கழைதின் யானையாரும் பாடியது புறநானூற்றில் இருக்கிறது. செல்வம் உள்ள ஒருவர் பாணர் கூட்டம் முழுவதற்குமான செலவை ஏற்றுக்கொள்வது அன்றைய ஏற்பாடு. கவிதையின் பயனோ கேட்ட அனைவருக்கும் போய்ச் சேர்ந்தது. இரண்டாயிரம் ஆண்டுகள் கழித்துப் படிக்கும் நமக்கும் சேர்ந்திருக்கிறது. செலவு ஒருவருடையது, பயன் எல்லோருடையது என்னும் இந்தச் சமனின்மை அன்று தொடங்கியது, இன்றும் மாறவில்லை.

இன்று ஓரியின் பெயரால் ஆடி 17, 18 நாட்களில் கொல்லிமலையில் அரசு விழா நடக்கிறது. கலை நிகழ்ச்சிகள், அரசுத் துறைகளின் அரங்குகள், மலர்க் கண்காட்சி எல்லாம் உண்டு. மலைவாழ் மக்கள் திரளாக வருகிறார்கள். இதைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. அரசு நடத்தும் விழாவில் கைமாற்று கிடையாது என்பதே பெரிய ஆறுதல். 2022-23இல் பள்ளிக் கல்வித் துறை பொருநை, வைகை, காவிரி, சிறுவாணி என்று ஆறுகளின் பெயரால் இலக்கியத் திருவிழாக்களை நடத்தியதும், மாவட்டந்தோறும் புத்தகக் காட்சிகளைப் பரவலாக்கியதும் வரவேற்கத்தக்கவையே. ஆனால், விழா முடிந்து பந்தல் பிரித்த பிறகு, அடுத்த ஆடிவரை ஓரியைப் பாடிய புலவர்களைப் பற்றி யார் எங்கே கூடிப் பேசுகிறார்கள் என்ற கேள்விக்கு எந்த ஒதுக்கீட்டுத் தலைப்பிலும் விடை இராது.

மோகனூரில் 1888இல் பிறந்த நாமக்கல் கவிஞர் வெ.இராமலிங்கம் பிள்ளையின் வாழ்க்கையில் இரண்டு ஏற்பாடுகளையும் பார்க்கலாம். 1949இல் அவர் சென்னை மாகாண அரசவைக் கவிஞராக அமர்த்தப்பட்டார். 1971இல் பத்மபூஷண் விருது பெற்றார். தலைமைச் செயலக வளாகத்தில் பத்து மாடிக் கட்டடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆனால், அவருடைய புகழ்பெற்ற பாடல் தமிழ்நாடெங்கும் பரவியது அரசு தந்த பதவியால் அன்று. 1930இல் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்த உப்புச் சத்தியாகிரகத் தொண்டர்கள் அதை வழிநெடுகப் பாடிச் சென்றார்கள். ஏறத்தாழ நூறு பேரின் தொண்டையும் கால்களும்தான் அந்தக் கவிதையின் பதிப்பகம்.

எட்டு இதழ்கள்

சேலத்துக்கு வருவோம். 1968இல் இங்கிருந்து ‘நடை’ என்ற காலாண்டிதழ் வெளிவரத் தொடங்கியது. அதற்கு உயிராக இருந்தவர் சி.மணி. இயற்பெயர் பழனிசாமி, தொழில் ஆங்கிலம் கற்பித்தல். 1959இல் சி.சு.செல்லப்பா சென்னையில் தொடங்கிய ‘எழுத்து’ இதழில் எழுதிப் பெயர் பெற்றவர். தன் பெயரை முன்னிறுத்தாமல் வெவ்வேறு புனைபெயர்களில் எழுதியவர், மேடைகளைத் தவிர்த்தவர். புதுக்கவிதையின் முன்வரிசையில் நின்ற அவரே யாப்பிலக்கணம் குறித்தும் ஆழமாக எழுதினார் என்பதை, மரபா புதுமையா என்று இன்றும் சண்டையிடுவோர் கவனிக்கலாம்.

‘நடை’ மொத்தம் எட்டு இதழ்கள்தாம் வந்தன. வணிகக் கணக்கில் அது தோல்வி. ஆனால் அந்த எட்டு இதழ்களில் ஞானக்கூத்தனின் தொடக்ககாலக் கவிதைகள் வந்தன, ந.முத்துசாமியின் தொடக்ககால நாடக முயற்சிக்கும் அது இடம் கொடுத்தது. அந்த முத்துசாமிதான் பின்னர் தெருக்கூத்தின் வலிமையை உணர்ந்து 1977இல் சென்னையில் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். தமிழ் நவீன நாடக வரலாற்றின் ஓர் இழை சேலத்து அச்சுக்கூடம் ஒன்றின் வழியாகப் போகிறது என்பதை இன்று சேலத்தில் எத்தனை பேர் அறிவார்கள்? 1970களில் கோவையை மையமாகக் கொண்டு எழுந்த வானம்பாடி இயக்கத்தில் சேலத்துக் கவிஞர் தமிழ்நாடன் பங்குகொண்டதும் இதே போலத்தான். ஊரின் நினைவில் அது மங்கிக் கிடக்கிறது.

இந்த மாதிரி முயற்சிகள் எப்படித் தொடங்குகின்றன, ஏன் நின்றுபோகின்றன என்பதற்கு அமெரிக்கப் பொருளியலாளர் மான்கர் ஓல்சன் 1965இல் ஒரு விளக்கம் தந்தார். எல்லோருக்கும் பயன்படும் ஒன்றுக்கு யார் செலவு செய்வது என்ற கேள்வி எழும்போது, மற்றவர் செய்யட்டும் என்று ஒதுங்கி நிற்பதே ஒவ்வொருவருக்கும் லாபம். ஆகவே பெரிய கூட்டங்களால் பல நேரங்களில் எதையும் செய்ய முடிவதில்லை. சிறிய குழுக்களில் மட்டும் ஒரு விதிவிலக்கு உண்டு. அந்தப் பயனை மற்ற எவரையும்விட மிகுதியாக விரும்பும் ஒருவர் அங்கே இருந்துவிட்டால், முழுச் செலவையும் தானே ஏற்றாவது அதை நடத்திவிடுவார். மற்றவர்கள் அதை இலவசமாகத் துய்ப்பார்கள். பெரியவரைச் சிறியவர்கள் சுரண்டும் நிலை என்று ஓல்சன் இதைக் குறிப்பிட்டார், கடுமையான சொல்தான்.

என் மாணவர்களுக்கு இந்தக் கோட்பாட்டைப் பல ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். செயலாளரின் நோட்டில் ‘கைமாற்று’ என்ற சொல்லைப் பார்த்தபோதுதான் அது எனக்கே முழுதாக விளங்கியது. அதன் மறுபாதியும் அப்போது புரிந்தது. ஒருவருடைய விருப்பத்தால் நடப்பது, அவருக்கு உடல்நலம் குன்றினால், பணி மாற்றம் வந்தால், மனம் சலித்தால் அன்றே நின்றுவிடும். அதற்கு வாரிசு கிடையாது.

ஏர்வாடியில் விடியும்வரை

மேட்டூர் வட்டத்தில் மேச்சேரிக்கு அருகே ஏர்வாடி என்ற ஊர் இருக்கிறது. (இராமநாதபுரத்து ஏர்வாடி வேறு.) அங்கிருந்து எழுத்தாளர் மு.ஹரிகிருஷ்ணன் ‘மணல்வீடு’ இதழை நடத்திவருகிறார். நவீனக் கவிதை, சிறுகதை, மொழிபெயர்ப்பு என்று தீவிர இலக்கியம் பேசும் சிற்றிதழ் அது. அதே மனிதர் ‘களரி’ என்ற பெயரில் தெருக்கூத்துக்கும் பாவைக்கூத்துக்கும் பயிற்சிப் பள்ளி நடத்துகிறார். இரண்டும் சேர்ந்து அந்தக் கிராமத்தில் நடத்திய விழாக்களில் நூல்கள் வெளியிடப்பட்டன, இலக்கியம் பேசப்பட்டது, மூத்த கூத்துக் கலைஞர்கள் பாராட்டப்பட்டார்கள், இரவு முழுவதும் கூத்து நடந்தது.

நகரத்து இலக்கிய விழாக்களில் நாட்டார் கலை என்பது இடைவேளை நிரப்பி. தொடக்கத்தில் பத்து நிமிடம் பறையாட்டம், பிறகு கலைஞர்கள் ஓரமாகப் போய்விட வேண்டும். ஏர்வாடியில் இந்த ஒழுங்கு தலைகீழானது. வெளியூரிலிருந்து வரும் கவிஞர் அங்கே பார்வையாளர். விடியும்வரை கண் விழித்து உட்கார வேண்டியவர். கூத்தின் பாட்டையும் வசனத்தையும் எழுத்தில்லாமல் நினைவிலேயே சுமந்துவரும் கலைஞர்கள் அங்கே புலவர்கள். அவர்களில் பெரும்பாலோர் பகலில் கூலி வேலைக்குப் போகிறவர்கள். சாதி அடுக்கில் கீழே வைக்கப்பட்டவர்கள். அவர்களை மேடையில் அமர்த்திச் சிறப்புச் செய்வது வெறும் கலைப் பணி ஆகாது என்பது இந்தப் பகுதியை அறிந்தவர்களுக்குத் தெரியும்.

இதற்கு ஆகும் செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1966இல் வில்லியம் பாமால், வில்லியம் போவன் என்னும் இரு பொருளியலாளர்கள் நிகழ்த்து கலைகளின் பணநெருக்கடியை ஆராய்ந்தார்கள். தொழிற்சாலையில் ஓர் உழைப்பாளியின் ஒரு மணி நேர உற்பத்தி ஆண்டுதோறும் கூடுகிறது. கூலியும் அதைத் தொடர்ந்து கூடுகிறது. நால்வர் வாசிக்கும் இசைக்கோவைக்கோ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பும் நால்வர் வேண்டும், இன்றும் நால்வர் வேண்டும். நேரத்தையும் குறைக்க முடியாது. ஆகவே கலையின் செலவு மற்றப் பொருட்களைவிட வேகமாக ஏறிக்கொண்டே போகும் என்றார்கள். எங்கள் ஊர் எடுத்துக்காட்டு இன்னும் தெளிவானது. கைத்தறி இருந்த இடத்தில் விசைத்தறி வந்தது. தானியங்கித் தறியும் வந்துவிட்டது. ஒரு நாளில் நெய்யும் துணி பல மடங்கு பெருகியது. ஆனால் ஒரு கூத்துக்கு இன்னும் ஓர் இரவு முழுவதும் வேண்டும். முகவீணைக்காரர் ஒருவர், மிருதங்கக்காரர் ஒருவர், ஆர்மோனியக்காரர் ஒருவர், வேடம் கட்டுவோர் அத்தனை பேரும் வேண்டும். விடிந்ததும் தறிக்கோ வயலுக்கோ போனால் கிடைக்கும் கூலியோடு அந்த இரவின் ஊதியம் போட்டியிட வேண்டியிருக்கிறது. நடத்துபவரின் கைமாற்று ஆண்டுக்கு ஆண்டு ஏன் பெரிதாகிறது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

நாமக்கல்லில் ஒரு மொட்டை மாடி

பணம் ஒன்றுதான் இடர் என்றால் சமாளித்துவிடலாம். நாமக்கல் அதைவிடக் கடுமையான ஒன்றைக் கண்டது.

அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியில் தமிழ் கற்பித்த பெருமாள்முருகன், நாமக்கல்லில் தம் வீட்டு மொட்டை மாடியில் ‘கூடு’ என்ற பெயரில் மாதந்தோறும் ஆய்வுச் சந்திப்பு நடத்திவந்தார். ஆய்வு மாணவர்களும் ஆசிரியர்களும் எழுத்தாளர்களும் அங்கே கூடிக் கட்டுரை வாசித்தார்கள், விவாதித்தார்கள். வாடகை இல்லாத இடம், தவறாத நாள், ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்கும் பழக்கம்: ஒரு சமூகம் உருவாக இவை போதும் என்பதற்கு அந்த மாடி எடுத்துக்காட்டு. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த மாணவர்கள் பலருக்குத் தம் கருத்தை எழுதிப் பிறர் முன் வாசிக்கும் முதல் இடமாக இத்தகைய சந்திப்புகளே இருக்கின்றன. அந்த வட்டத்திலிருந்து உருவான ‘சாதியும் நானும்’ என்ற தொகுப்பில் முப்பதுக்கும் மேற்பட்டோர் தம் சாதி அனுபவங்களை வெளிப்படையாக எழுதினார்கள். பின்னர் அது ஆங்கிலத்திலும் வந்தது. மொட்டை மாடி ஒன்று ஈட்டிக் கொடுத்தது இது.

2014 டிசம்பரில் அவருடைய ‘மாதொருபாகன்’ நாவலை எதிர்த்துத் திருச்செங்கோட்டில் போராட்டம் எழுந்தது. நாவல் வெளிவந்ததோ 2010இல். 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடந்த பேச்சுவார்த்தையில் அவர் மன்னிப்புக் கோரிக் கையெழுத்திட நேர்ந்தது. அடுத்து, எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று தாமே அறிவித்தார். பணி மாறுதல் பெற்றுச் சென்னைக்குப் போனார். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்று, பேச்சுவார்த்தையில் எழுதி வாங்கிய ஒப்புதல் அவரைக் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பளித்தது. அந்த மௌன காலத்தில் அவர் எழுதியவை கவிதைகள். ‘கோழையின் பாடல்கள்’ என்ற தொகுப்பாக அவை அதே ஆண்டில் வெளிவந்தன. பின்னர் அவர் சேலம் மாவட்டத்துக்கே திரும்பி, ஆத்தூர் அரசு கலைக் கல்லூரி முதல்வராகவும் பணியாற்றினார்.

இந்த நிகழ்வு கருத்துரிமை குறித்த வழக்காகவே பேசப்பட்டது, அது சரியே. ஊரின் கோணத்திலிருந்தும் ஒரு முறை பார்க்க வேண்டும். ஓர் எழுத்தாளருக்கு உலகெங்கும் வாசகர் இருப்பார்கள். பதிப்பாளரும் வழக்கறிஞரும் துணை நிற்பார்கள். அவர் ஊரைவிட்டுப் போக நேர்ந்தபோது, மாதக் கூட்டத்துக்கு வந்துகொண்டிருந்த இருபத்திரண்டு வயது மாணவருக்கு யார் துணை நின்றார்கள்? கவிதைக்காக ஓரிடத்தில் கூடுவது ஆபத்தானது என்ற பாடத்தை அந்த ஜனவரியில் எத்தனை பெற்றோர் தம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பார்கள்? நீதிமன்றத்தால் நூலை மீட்டுத் தர முடிந்தது. இழந்த மாதங்களின் கூட்டங்களை யாராலும் மீட்டுத் தர இயலாது.

கொலம்பியாவின் மெதெயின் நகரம் இதற்கு நேரெதிரான அனுபவம் கொண்டது. போதைப்பொருள் கும்பல்களின் கொலைகளால் அந்நகர மக்கள் மாலையில் வீட்டைவிட்டு வெளியே வரவே அஞ்சிய 1991ஆம் ஆண்டில், ‘ப்ரொமெத்தேயோ’ என்னும் சிறு கவிதை இதழை நடத்தியவர்கள் அங்கே ஒரு கவிதை விழாவைத் தொடங்கினார்கள். தொடங்கியவர்கள் சிலரே. ஆண்டுகள் செல்லச் செல்ல, திறந்தவெளியில் ஆயிரக்கணக்கானோர் உட்கார்ந்து கவிதை கேட்கும் விழாவாக அது வளர்ந்தது. 2006இல் மாற்று நோபல் எனப்படும் ‘ரைட் லைவ்லிஹுட்’ விருது அதற்கு வழங்கப்பட்டது. அச்சத்தால் மூடிக் கிடந்த பொது இடத்தைக் கவிதை மீண்டும் திறந்தது. நாமக்கல்லில் அச்சம் ஒரு மொட்டை மாடியின் புரவலரை ஊரைவிட்டே வெளியேற்றியது. மெதெயினில் விழா ஒரு வீட்டையோ ஒருவரையோ நம்பி நிற்கவில்லை. பூங்காவும் திடலும் அதற்கு இடம் தந்தன.

ஏற்கெனவே கட்டிய வரி

இதனால்தான் இடத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் 1948இல் இயற்றப்பட்டது. விடுதலைக்குப் பிறகு நாட்டிலேயே முதலாவதாக வந்த நூலகச் சட்டம் அது. அதன்படி நாம் ஒவ்வொருவரும் சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். இன்று அது சொத்து வரியில் 10 விழுக்காடு. சேலத்திலும் நாமக்கல்லிலும் மாவட்ட மைய நூலகங்கள் இருக்கின்றன. வட்டந்தோறும் கிளை நூலகங்கள் இருக்கின்றன. நாமக்கல்லில் கவிஞர் இராமலிங்கம் வாழ்ந்த வீடே நினைவு இல்லமாகவும் நூலகமாகவும் இருக்கிறது. ஆக, கவியரங்கத்துக்கு வேண்டிய மண்டபத்தை இந்த ஊர் மக்கள் ஏற்கெனவே பணம் கொடுத்து வாங்கிவிட்டார்கள். பிறகு ஏன் செயலாளரின் நோட்டில் ‘மண்டப வாடகை’ என்பதே முதல் செலவாக வருகிறது?

நூலகங்களில் வாசகர் வட்டங்கள் உண்டு. நல்ல நூலகர் வாய்த்த இடத்தில் அவை நன்றாகவே நடக்கின்றன. இதுவும் ஒருவரை நம்பிய ஏற்பாடுதான். மற்ற இடங்களில் கூடம் போட்டித் தேர்வுக்குப் படிப்போரால் நிரம்பியிருக்கிறது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வேலை தேடும் பிள்ளைகளுக்கு அமைதியான மேசை வேண்டும். ஆனால் மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை, மூன்று மணி நேரம், வாடகையும் முன்பணமும் இல்லாமல் அந்தக் கூடத்தை ஊரின் இலக்கிய அமைப்புகளுக்குத் தருவதால் எவருடைய படிப்பும் கெட்டுவிடாது. இன்னார் வந்து கேட்டால் உண்டு, இன்னார் கேட்டால் இல்லை என்றிராமல், முதலில் பதிவு செய்தவருக்கு முதலில் என்ற எளிய விதி போதும். அவ்வாறு பதிவு செய்த கூட்டத்தை எவரேனும் எதிர்த்தால், கூட்டம் நடத்துபவரை அழைத்துக் கையெழுத்து வாங்குவதற்கு முன்பு, எதிர்ப்பவரிடம் சட்டம் என்ன சொல்கிறது என்று நிர்வாகம் விளக்க வேண்டும்.

இதற்குப் புதிய திட்டமோ அறிவிப்போ வேண்டாம். ஞாயிறு மாலை கூடத்தைத் திறந்து வைத்து, முடிந்ததும் பூட்டிப் போகும் ஊழியர் ஒருவருக்குக் கூடுதல் படி கொடுத்தால் போதும். அதையும் நூலக வரியிலிருந்தே கொடுக்கலாம். செயலாளரின் நோட்டில் மண்டப வாடகை என்ற வரி போய்விட்டால், நான் பார்த்த ஆண்டுகளில் பாதிக்கு மேற்பட்டவற்றில் கைமாற்றுக்குத் தேவையே இருந்திருக்காது. கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.